டெஸ்க்டாப் இல்லாத சர்வர்: உங்க கேள்வியும் பதிலும்

இந்த மாசம் வந்த கடிதம், மெயில் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருந்துச்சு, டெஸ்க்டாப் இல்லாத சர்வர்ல ரோல் (சர்வர் செய்யற ஒவ்வொரு வேலைக்கும் ஏத்தற பாகம்) போட்டு எப்படி ஓட்டறதுன்னு. அதனால மத்த கேள்விய அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இந்த தடவ முழுப் பக்கத்தையும் இதுக்கே குடுத்துட்டேன்.

சார், கம்பெனிக்குப் புது சர்வர் வந்துது, விண்டோஸ் சர்வர் 2022 நான்தான் இன்ஸ்டால் பண்ணேன். பாஸ்வேர்டு போட்டு உள்ள போனா ஸ்டார்ட் பட்டனும் இல்ல டாஸ்க்பாரும் இல்ல, கறுப்பு ஸ்கிரீன்ல நம்பர் போட்ட மெனு ஒண்ணு மட்டும் நிக்குது. ஐஎஸ்ஓ ஃபைல் கரப்ட் ஆயிருக்குமா? முதலாளி வேற பக்கத்துல நிக்கறாரு.
– பனியன் கம்பெனி ஐடி ஊழியர், திருப்பூர்

இன்ஸ்டால் ஃபைல்ல ஒரு கோளாறும் இல்ல. இன்ஸ்டால் பண்ணும்போது எந்த எடிஷன் வேணும்னு ஒரு லிஸ்ட் வந்திருக்கும், ஸ்டாண்டர்டுக்கு ரெண்டு வரி டேட்டாசென்டருக்கு ரெண்டு வரி, அதுல டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்னு சேத்துப் போட்ட வரிய எடுத்தாத்தான் நமக்குப் பழகின டெஸ்க்டாப் வரும், அது போடாத வரி சர்வர் கோர். மேல நிக்கிற வரி கோர்தான், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டுப் போனா அதான் ஏறும். 2008-லயே இது தனி ஆப்ஷனா வந்துடுச்சு, 2012-லேர்ந்து மைக்ரோசாஃப்ட் அதையே முதல் ஆப்ஷனா வெச்சுட்டாங்க. 2012-லயும் 2012 ஆர்2-லயும் கோர் போட்டுட்டு அப்புறமா டெஸ்க்டாப்ப ஏத்திக்கலாம், வேணாம்னா எடுத்துடலாம், அந்த வசதி ரொம்ப நல்லா இருந்துச்சு. 2016-லேர்ந்து அது கெடையாது. அதனால உங்களுக்கு டெஸ்க்டாப் வேணும்னா ஒரே வழி முதல்லேர்ந்து திரும்ப இன்ஸ்டால் பண்றதுதான்.

ஆனா அதுக்கு முன்னாடி அந்த சர்வர்ல என்ன வேலை நடக்கப் போகுதுன்னு யோசிங்க. டொமைன் (யூசர், பிசி எல்லாத்தையும் ஒரே எடத்துலேர்ந்து நிர்வாகம் பண்றது), டிஎன்எஸ் (மிஷின் பேரை ஐபி நம்பரா மாத்திக் குடுக்கறது), ஃபைல் ஷேர் இவ்ளோதான்னா இப்படியே விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன், லைசன்ஸ் விலை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

நீங்க பாக்கற மெனு பேரு எஸ்கான்ஃபிக், 2022-ல லாகின் பண்ணதும் தானா வந்து நிக்கும். 8-ம் நம்பர்ல நெட்வொர்க், மொதல்ல அங்க போயி நிலையான ஐபி குடுங்க, டிஎன்எஸ்ஸும் அங்கயே. அப்புறம் 2-ல மிஷின் பேரு மாத்துங்க, ரீஸ்டார்ட் கேக்கும், பண்ணிடுங்க, அதுக்கு அப்புறமா 1-ல போயி டொமைன்ல சேருங்க. நடுவுல 9-ஐ மறந்துடாதீங்க. அதான் தேதி நேரம். இன்ஸ்டால் ஆன உடனே டைம் ஸோன் பெரும்பாலும் அமெரிக்க பசிபிக் நேரத்துல இருக்கும், நம்மாளுங்க ஸோனை மாத்தாம கடிகார முள்ளை மட்டும் நம்ம ஊர் நேரத்துக்குத் திருப்பி வெச்சுடுவாங்க, பாக்க சரியா இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள யுடிசி-ங்கற உலகப் பொது நேரம் 12 மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போயிருக்கும். டொமைன் லாகினைச் சரிபாக்கற கெர்பரோஸ் சாதாரணமா 5 நிமிஷ வித்தியாசத்துக்கு மேல தாங்காது, அதனால டொமைன் சம்பந்தப்பட்ட லாகின் எல்லாம் புரியாத எர்ரர் குடுக்கும், நீங்க பாஸ்வேர்டு தப்புன்னு நெனச்சு பாஸ்வேர்டயே மாத்திட்டு இருப்பீங்க. ஸோனை மொதல்ல மாத்துங்க, அப்புறம் நேரத்தைப் பாருங்க.

6-ல அப்டேட் போட்டுட்டு, 15 குடுத்து வெளிய வந்தா கமாண்டு அடிக்கற பவர்ஷெல். முதலாளிகிட்ட சர்வர் நல்லா இருக்குன்னு சொல்லுங்க.

கோர் சர்வர்ல தெரியாம அந்த கறுப்பு விண்டோவோட எக்ஸ் பட்டனை அமுக்கிட்டேன். இப்போ ஒண்ணுமே இல்லாத வெறும் ஸ்கிரீன். பவர் பட்டனை அமுக்கலாமா?
– பேரு வேண்டாம், சேலம்

அமுக்காதீங்க! ரோல் எல்லாம் பின்னாடி ஓடிட்டுதான் இருக்கு, யாருக்கும் எதுவும் நிக்கல. கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் அமுக்கி டாஸ்க் மேனேஜர் திறங்க, அதுல புது டாஸ்க் ரன் பண்ற எடம் இருக்கும், பவர்ஷெல்னு அடிச்சா விண்டோ திரும்ப வந்துடும், எஸ்கான்ஃபிக்னு அடிச்சா மெனுவும் வந்துடும். ரிமோட் டெஸ்க்டாப்ல இருந்தா டெலீட்டுக்கு பதிலா எண்ட் கீ. சைன் அவுட் பண்ணிட்டு மறுபடி உள்ள வந்தாலும் சரியாயிடும். நோட்பேடு, ரெஜிஸ்ட்ரி எடிட்டர் கூட கோர்ல இருக்கு, பேர அடிச்சா திறக்கும், அது பல பேருக்குத் தெரியறதில்ல.

எந்த ரோலை கோர்ல போடலாம், எதைப் போடக் கூடாது? எங்க காலேஜ்ல ஆக்டிவ் டைரக்டரி, டிஎச்சிபி, ஃபைல் சர்வர், வைஃபை-க்கு ரேடியஸ், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு டாலி எல்லாம் இருக்கு சார். எல்லாத்தையும் கோருக்கு மாத்தணும்னு ஒரு ஆசை.
– சிஸ்டம் அட்மின், மதுரை

ஆசை நல்லது, ஆனா எல்லாத்தையும் மாத்த முடியாது. டொமைனை நடத்தற ஆக்டிவ் டைரக்டரி, டிஎன்எஸ், பிசி-க்கெல்லாம் ஐபி குடுக்கற டிஎச்சிபி, ஃபைல் சர்வர், ஒரே மிஷினுக்குள்ள பல மிஷின் ஓட்டற ஹைப்பர்-வி, சர்ட்டிஃபிகேட் சர்வீஸ், வெப்சைட் ஓட்டற ஐஐஎஸ், அப்டேட்டைப் பிரிச்சுக் குடுக்கற டபிள்யூசஸ் இதெல்லாம் கோர்ல நிம்மதியா ஓடும். டேட்டாபேஸுக்கான எஸ்கியூஎல் சர்வரும் 2012 பதிப்புலேர்ந்து கோர்ல போடலாம், மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவை மட்டும் உங்க பிசி-ல வெச்சுக்கணும்.

உங்க வைஃபை ரேடியஸ், அதாவது வைஃபை-ல யாரை உள்ள விடலாம்னு பாக்கறது, அதுதான் மாட்டும். விண்டோஸோட நெட்வொர்க் பாலிசி சர்வர் ரோல் கோர்ல கெடையாது, அதுக்கு டெஸ்க்டாப் உள்ள மிஷின் ஒண்ணு வேணும். ஃபேக்ஸ் ரோலும் இல்ல, அதைப் பத்தி யாரும் கவலைப்படப் போறதில்ல. முக்கியமானது ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், அதுவும் கோர்ல கெடையாது. அக்கவுண்ட்ஸ் ஆளுங்க பத்து பேரு சர்வருக்குள்ள ஆர்டிபி-ல, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்ல வந்து அங்கயே டாலி திறந்து வேலை பாக்கற மாதிரின்னா அந்த சர்வர் டெஸ்க்டாப்போட இருந்தே ஆகணும், மனுஷங்க உக்காந்து வேலை செய்யற எடம் அது, அதுல போயி கோர் போடணும்னு நிக்காதீங்க. டாலி ஒவ்வொரு பிசி-லயும் தனியா இருந்து டேட்டா ஃபோல்டர் மட்டும் சர்வர் ஷேர்ல இருக்குன்னா, ஷேர் குடுக்கற வேலைய கோர் பாத்துக்கும், லைசன்ஸ் பக்கம் எங்க ஓடணும்னு உங்க டாலி பார்ட்னர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

நீங்க மொதல்ல எதை மாத்தணும்னா டிஎச்சிபி-யை, ஏன்னா அது சின்ன ரோல், தப்பாப் போனாலும் பழையதை உடனே ஆன் பண்ணிக்கலாம். பவர்ஷெல்ல இன்ஸ்டால்-விண்டோஸ்ஃபீச்சர், ஒரு இடம் விட்டு டிஎச்சிபி, கடைசில இன்க்ளூட்-மேனேஜ்மென்ட்-டூல்ஸ்ங்கற பேராமீட்டர், அதையும் சேத்து அடிங்க. கோர்லதான் மவுஸ் டூலே கெடையாதே அது எதுக்குன்னு விட்டுடறாங்க, விட்டா டிஎச்சிபி-க்கான பவர்ஷெல் மாட்யூலும் வராது, அப்புறம் ஸ்கோப் (எந்த ஐபி-லேர்ந்து எது வரைக்கும் குடுக்கலாங்கற வரிசை) போடற கமாண்டை அடிச்சா அப்படி ஒரு கமாண்டே இல்லைன்னு செவப்பு எழுத்துல திட்டும். ரோல் ஏறினதும் டொமைன்ல அதை ஆத்தரைஸ் பண்ணணும், ஆட்-டிஎச்சிபி-சர்வர்-இன்-டிசி. ஆத்தரைஸ் ஆகாத வரைக்கும் அது ஒரு பிசி-க்கும் ஐபி குடுக்காது, சர்வீஸ் பச்சையா ரன்னிங்னு காட்டும் ஆனா சும்மா உக்காந்திருக்கும். அப்புறம் ஸ்கோப், 192.168.10.50-லேர்ந்து 192.168.10.200 வரைக்கும்னு வெச்சுக்குங்க, மாஸ்க், அதுக்கப்புறம் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் ஆப்ஷன் வேல்யூ கமாண்டுல. இதையெல்லாம் ஒரு நோட்பேடு ஃபைல்ல வரிசையா எழுதி பிஎஸ்1-ங்கற எக்ஸ்டென்ஷனோட சேவ் பண்ணி வெச்சுக்குங்க, நாளைக்கே சர்வர் போயிட்டா அந்த ஃபைலை ரன் பண்ணா ஸ்கோப்பெல்லாம் திரும்ப வந்துடும். மவுஸ்ல க்ளிக் பண்ணி செஞ்ச வேலைக்கு இப்படி ஒரு ரெக்கார்டு இருக்காது, எனக்கு கோர் பிடிக்கறதுக்கு இதான் முதல் காரணம்.

டொமைன் கன்ட்ரோலரை, அதாவது டொமைனை நடத்தற சர்வரை, இருக்கறதை அழிச்சுட்டு மாத்தாதீங்க. கோர்ல ரெண்டாவதா ஒண்ணு சேருங்க, ரெப்ளிகேஷன் (ஒண்ணுல இருக்கற விவரம் இன்னொண்ணுக்கும் போறது) ஒழுங்கா நடக்குதான்னு சில நாள் ரெப்அட்மின் கமாண்டுல பாருங்க, அப்புறம் பொறுப்பை மாத்துங்க.

எனக்கு மவுஸ் இல்லாம கை ஓடாதுங்க சார். கமாண்டு எல்லாம் மனப்பாடம் பண்ற வயசும் தாண்டிருச்சுங்க. கோர் நமக்கு ஆகாதுங்களா?
– ஸ்பின்னிங் மில் ஆஃபீஸ், கோயமுத்தூர்

தாராளமா ஆகும்ங்க. மவுஸை உங்க பிசி-ல வெச்சுக்குங்க, சர்வர்ல வேண்டாம், அவ்ளோதான். விண்டோஸ் 10-ல 1809 பதிப்புலேர்ந்து, சர்வரைத் தூரத்துலேர்ந்து நிர்வாகம் பண்ற ஆர்சாட் டூல்ஸ் செட்டிங்ஸ்ல ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்ங்கற எடத்துலயே இருக்கு, ப்ரோ இல்லன்னா என்டர்பிரைஸ் வேணும், ஹோம்ல வராது. அதைப் போட்டீங்கன்னா டிஎன்எஸ், டிஎச்சிபி, யூசர் உண்டாக்கற விண்டோ எல்லாம் நீங்க இத்தனை வருஷம் பாத்த அதே முகத்தோட உங்க பிசி-லயே திறக்கும். சர்வர் மேனேஜர்ல கோர் மிஷினைச் சேத்துட்டா ரோல் ஏத்தறதைக் கூட அங்கேர்ந்தே டிக் போட்டு ஏத்தலாம். பல பேரு சர்வர் ரூமுக்குப் போயி நின்னுக்கிட்டோ ஆர்டிபி-ல உள்ள போயோதான் எல்லாம் பண்றாங்க, டெஸ்க்டாப் உள்ள சர்வரா இருந்தாலும் அந்தப் பழக்கம் வேண்டாம்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

ஒரு எடத்துல மட்டும் இடிக்கும். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்ல கனெக்ட் பண்ணி ஈவென்ட் வியூவரைத் தொட்டா ஆர்பிசி சர்வர் கெடைக்கலைன்னு எர்ரர் வரும். உடனே ஃபயர்வாலையே மொத்தமா ஆஃப் பண்ணிடறாங்க, அது ரொம்பத் தப்பு, பண்ணாதீங்க. ஃபயர்வால்ல ரிமோட் ஈவென்ட் லாக் மேனேஜ்மென்ட்னு ஒரு குரூப் இருக்கு, அதை மட்டும் எனேபிள்-நெட்ஃபயர்வால்ரூல் கமாண்டுல திறங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்கு ரிமோட் வால்யூம் மேனேஜ்மென்ட் குரூப், இதை சர்வர்லயும் திறக்கணும் உங்க பிசி-லயும் திறக்கணும், ரெண்டு பக்கமும் திறக்காம மண்டைய ஒடச்சுக்கிட்டவங்க நெறைய.

இதைவிட சுலபமா வேணும்னா விண்டோஸ் அட்மின் சென்டர், 2018-ல வந்துது, காசு கெடையாது. ஒரு மிஷின்ல போட்டுட்டா ப்ரவுசர்லயே சர்வரோட டிஸ்க், சர்வீஸ், ஈவென்ட், ஃபயர்வால் எல்லாம் பாக்கலாம். டொமைன் கன்ட்ரோலர் மேல மட்டும் அதைப் போடாதீங்க, சப்போர்ட் கெடையாது. மில்லுல டொமைனே இல்லாம வொர்க்குரூப்பா இருந்தா, உங்க பிசி-ல ட்ரஸ்டட் ஹோஸ்ட்ஸ்ங்கற நம்பற மிஷின் லிஸ்ட்ல அந்த சர்வர் பேரைச் சேக்கணும், இன்டர்நெட்ல சொல்றாங்கன்னு ஸ்டார் போட்டு எல்லாத்தையும் நம்பறேன்னு வெச்சுடாதீங்க, பேரை எழுதுங்க. சர்வர் பக்கம் ரிமோட்டிங் 2012-லேர்ந்தே தானா ஆன்ல இருக்கு, 5985 போர்ட்.

வயசு பத்தி சொன்னீங்க. கமாண்டை யாருமே மனப்பாடம் பண்றதில்லங்க, கெட்-கமாண்டுனு அடிச்சு ரோல் பேரைக் குடுத்தா அதுக்கு என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் காட்டும், பாதி அடிச்சுட்டு டேப் கீயைத் தட்டினா மீதியை அதுவே போட்டுடும்.

கோர் போட்டா வைரஸ், ரான்சம்வேர் வராதுன்னு வெண்டார் சொல்றாரு. உண்மையா?
– நிதி நிறுவன மேலாளர், ஈரோடு

இல்லீங்க, அப்படி சொல்றது ஆபத்தான பேச்சு. ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கறது) பெரும்பாலும் ஒரு யூசரோட பிசி-லேர்ந்தோ திருடின அட்மின் பாஸ்வேர்டு வழியாவோ வருது, அந்த யூசருக்கு ஷேர்ல எழுத அனுமதி இருந்தா ஃபைல் சர்வர் கோரா டெஸ்க்டாப்பான்னு அது பாக்காது, எல்லாத்தையும் பூட்டிடும். 2021-ல பிரிண்ட்நைட்மேர்னு ஒண்ணு வந்துச்சே, பிரிண்ட் வேலைய வரிசைல வெச்சு அனுப்பற பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸ்ல இருந்த ஓட்டை, அதுல சொன்ன பாடமே டொமைன் கன்ட்ரோலர்ல ஸ்பூலரை நிறுத்துங்கங்கறதுதான், வேணாத சர்வீஸ் எங்க ஓடினாலும் அது ஒரு வாசல்.

கோர்ல நிஜமா கெடைக்கற லாபம் என்னன்னா, சர்வர்ல ப்ரவுசர் திறந்து டிரைவர் தேடறது, மெயில் பாக்கறது, கண்ட சாஃப்ட்வேரை எறக்கறது இதெல்லாம் அங்க நடக்காது. நம்ம ஊர் சின்ன ஆஃபீஸ்ல சர்வர் கெட்டுப் போறதுக்கு இதெல்லாம் பெரிய காரணம், அதனால இந்த லாபத்தை நான் கொறச்சு சொல்ல மாட்டேன். பேட்ச் கம்மியா வரும்னு முன்னாடி சொல்வாங்க, 2008 காலத்துல அது சரி, 2016-லேர்ந்து மாசாமாசம் எல்லாம் ஒரே மூட்டையா க்யுமுலேட்டிவ் அப்டேட்டா வருது, ரீஸ்டார்ட்டும் பண்ணித்தான் ஆகணும், அதனால அந்தப் பேச்சை இப்போ பெருசா எடுத்துக்காதீங்க. டிஸ்க்ல சுமார் 4 ஜிபி மிச்சம், மெமரி கொறஞ்சபட்சம் டெஸ்க்டாப்புக்கு 2 ஜிபி கோருக்கு 512 எம்பி-ன்னு மைக்ரோசாஃப்ட் சொல்றாங்க.

பணம் பொழங்கற எடம் உங்களது. கோரோ எதுவோ, நெட்வொர்க்லேர்ந்து கழட்டி வெச்ச பேக்கப் ஒண்ணு இருக்கான்னு அந்த வெண்டாரைக் கேளுங்க. அதை ஒரு தடவை ரெஸ்டோர் பண்ணியும் காட்டச் சொல்லுங்க.

கோர்ல டிவைஸ் மேனேஜர் இல்லையே, ரெய்டு கார்டுக்கு டிரைவர் எப்படிப் போடறது?
– ஹார்டுவேர் சர்வீஸ் இன்ஜினியர், திருநெல்வேலி

டிரைவர் ஃபோல்டரை காப்பி பண்ணிட்டு பிஎன்பியூடில் கமாண்டுல ஆட்-டிரைவர் போட்டு ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டுங்க, பின்னாடி இன்ஸ்டால்னும் சேருங்க. கம்பெனிக்காரன் செட்டப் ஃபைல் குடுத்திருந்தா அதை அப்படியே ரன் பண்ணிப் பாருங்க, கோர்ல விண்டோவே வராதுன்னு கெடையாது, நெறைய செட்டப் திறக்கும். டிவைஸ் மேனேஜர் கண்ணால பாத்தே ஆகணும்னா 2019-லேர்ந்து ஆப் கம்பாட்டிபிலிட்டின்னு ஒரு ஃபீச்சர் இருக்கு, அதை ஏத்தினா ஈவென்ட் வியூவர், டிஸ்க் மேனேஜ்மென்ட், டிவைஸ் மேனேஜர், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வரைக்கும் வரும், ஸ்டார்ட் மெனு மட்டும் வராது.

வாடகைக்கு ஒரு உபுண்டு சர்வர் எடுத்து கஸ்டமர் வெப்சைட் ரெண்டு மூணு ஓட்றேன், 1 ஜிபி ரேம். ஃபயர்வால் ஆன் பண்ணேன், அடுத்த செகண்டே எஸ்எஸ்எச் வெட்டிக்கிச்சு. பேசாம ஒரு டெஸ்க்டாப் போட்டுக்கலாமான்னு தோணுது அண்ணா.
– ஃப்ரீலான்சர், திருச்சி

போடாதீங்க தம்பி. 1 ஜிபி-ல ஜினோம் மாதிரி டெஸ்க்டாப் ஏத்தினா உங்க வெப்சைட்டுக்கும் டேட்டாபேஸுக்கும் மூச்சு விட எடம் இருக்காது. டெஸ்க்டாப் இருந்திருந்தாலும் ஃபயர்வால் உங்களை வெளிய தள்ளியிருக்கும், ஏன்னா நீங்க எஸ்எஸ்எச்-ல, நெட்வொர்க் வழியாத்தான் உள்ள போறீங்க. உபுண்டுவோட ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூ ஆன் ஆனா உள்ள வர்ற எல்லாத்தையும் தடுக்கறதுதான் அதோட டீஃபால்ட், அதனால மொதல்ல ஓப்பன்எஸ்எஸ்எச்-சை அலவ் பண்ணணும், அப்புறம் வெப்சைட்டுக்கு 80, 443, அதுக்கப்புறம்தான் எனேபிள். இப்போ உள்ள போறதுக்கு உங்க வாடகைக் கம்பெனியோட வெப் பேனல்ல கன்சோல்னு ஒரு பட்டன் இருக்கும், அது நேரா மானிட்டர் முன்னாடி உக்காந்த மாதிரி, அதுல லாகின் பண்ணி அலவ் குடுங்க, வந்துடும்.

இனிமே எஸ்எஸ்எச் கான்ஃபிக்கைத் தொட்டா, எஸ்எஸ்எச்டி மைனஸ் டி-ன்னு (sshd -t) அடிச்சு எழுத்துப் பிழை இருக்கான்னு பாத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, பழைய விண்டோவை மூடாம இன்னொரு விண்டோல லாகின் பண்ணிப் பாருங்க, புதுசு உள்ள போகுதுன்னு கண்ணால பாத்தப்புறம்தான் பழசை மூடணும். ஐபி மாத்தறதா இருந்தா நெட்பிளான் அப்ளை கமாண்டு வேண்டாம், நெட்பிளான் ட்ரை போடுங்க, 120 செகண்டுக்குள்ள நீங்க என்டர் தட்டலைன்னா பழைய செட்டிங்குக்கே திரும்பிடும், தூரத்துல இருக்கற சர்வருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரிஞ்சு இல்ல. பெரிய அப்கிரேடு ஓடவிட்டா டீமக்ஸ்குள்ள ஓடவிடுங்க, நம்ம வீட்டு நெட் நடுவுல போனாலும் அங்க வேலை நிக்காது. கண்ணுக்குப் படமா வேணும்னா காக்பிட்னு ஒண்ணு இருக்கு, 9090 போர்ட்ல ப்ரவுசர்ல திறக்கும், ஆனா அந்தப் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வெக்காம எஸ்எஸ்எச் டன்னல் வழியா மட்டும் பாருங்க.

இலவசமா கெடைச்ச ஹைப்பர்-வி சர்வர் இனிமே வராதாமே?
– சென்னை வாசகி

ஆமாம்மா, 2019 பதிப்புதான் கடைசி, அதுக்கு செக்யூரிட்டி அப்டேட் 2029 ஜனவரி வரைக்கும் வரும். ஓடிட்டிருக்கறதை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், புதுசா ஒண்ணு கட்டறதா இருந்தா அதுல ஆரம்பிக்க வேண்டாம்.

சார் நான் டிப்ளமோ முடிச்சிட்டு வேலை தேடறேன். 8 ஜிபி ரேம் லேப்டாப்தான் இருக்கு. வீட்லயே சர்வர் கத்துக்க முடியுமா?
– மாணவர், விழுப்புரம்

முடியும், அதுக்கு கோர்தான் சரி தம்பி, உங்க 8 ஜிபி-ல டெஸ்க்டாப் சர்வர் ரெண்டு ஓட்டினாலே லேப்டாப் திணறும், கோர்னா மூணு ஓட்டலாம். மைக்ரோசாஃப்ட் சைட்ல எவாலுவேஷன் காப்பி 180 நாளைக்கு இலவசம், கிராக் காப்பி எதுவும் தேடாதீங்க. லேப்டாப்ல விண்டோஸ் ப்ரோ இருந்தா ஹைப்பர்-வி அதுலயே இருக்கு, ஹோம்னா விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்க. இன்ஸ்டால் நடக்கும்போது 512 எம்பி மட்டும் குடுத்தா செட்டப் பாதில ஃபெயில் ஆயிடும், 800-க்கு மேல வேணும், 1 ஜிபி-யே குடுத்துடுங்க, டொமைன் கன்ட்ரோலருக்கு 2.

முதல் மிஷின் டொமைன் கன்ட்ரோலரும் டிஎன்எஸ்ஸும், ரெண்டாவது டிஎச்சிபி, மூணாவது ஃபைல் சர்வர். மூணையும் வீட்டு நெட்வொர்க்ல விடாம இன்டர்னல் ஸ்விட்ச்ல தனியா வைங்க, இல்லன்னா உங்க டிஎச்சிபி வீட்ல இருக்கற ஃபோனுக்கெல்லாம் ஐபி குடுக்கக் கெளம்பிடும். எல்லாம் ஓடினதும் டிஎச்சிபி மிஷினை அழிச்சுட்டு, எழுதி வெச்ச பிஎஸ்1 ஃபைலை வெச்சே திரும்பக் கட்டுங்க, அதுல எது விட்டுப்போச்சுன்னு அப்போதான் தெரியும், விட்டதை ஃபைல்ல சேத்து மறுபடி அழிச்சுக் கட்டுங்க. இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்த ஃபைலையும் எடுத்துட்டுப் போங்க. எங்கயாவது எர்ரர்ல நின்னா எர்ரரை முழுசா காப்பி பண்ணி எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல சேத்துப் பாத்துடலாம்.